வகுப்பில் நடந்த ஒரு குத்து: காரணம் எங்கே தேடுவது?

கேள்வி (எட்டாம் வகுப்பு ஆசிரியர்):
போன வாரம் என் வகுப்பில் ஒரு பையன் பக்கத்தில் இருந்தவன் கையில் காம்பஸ் முனையால் குத்திவிட்டான். பேனாவை எடுத்து ஒளித்து வைத்ததுதான் சண்டைக்குக் காரணம். ஆசிரியர் அறையில் ஒருவர் வீட்டு வளர்ப்பு என்றார், ஒருவர் செல்போன் விளையாட்டு என்றார், இன்னொருவர் நாலு போட்டால் சரியாகிவிடும் என்றார். எனக்கு எதுவும் ஒட்டவில்லை. குத்தி முடித்ததும் அந்தப் பையன் முகத்தில் கோபமே இல்லை, வெலவெலத்துப் போயிருந்தான். இது எங்கிருந்து வருகிறது? எப்படித் தடுப்பது?

பதில் (அவசர சிகிச்சைப் பிரிவு செவிலியர்):
வெட்டும் குத்துமாக வருகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். ஆளை விட்டுவிட்டு இடத்தையும் நேரத்தையும் பாருங்கள். பிரிட்டனின் கார்டிஃப் நகரில் ஜொனாதன் ஷெப்பர்ட் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் இதைத்தான் செய்தார். அடிபட்டு மருத்துவமனைக்கு வருகிற பலருடைய விஷயம் போலீசுக்குப் போவதே இல்லை என்று கவனித்தார். எங்கே, எப்போது, எதனால் அடிபட்டது என்று வரவேற்பிலேயே கேட்டுக் குறித்து, பெயரை நீக்கிவிட்டு, போலீசுக்கும் நகராட்சிக்கும் கொடுக்க ஏற்பாடு செய்தார். எந்தத் தெரு, எந்த மதுக்கடை என்று தெரிந்ததும் அங்கே காவலைக் கூட்டினார்கள். அதே மாதிரியான மற்ற நகரங்களோடு ஒப்பிட்டால் அங்கே காயங்கள் குறைந்தன. நீங்களும் ஒரு நோட்டில் குறித்துப் பாருங்கள்.

பதில்:
நாலு போடுவது மட்டும் வேண்டாம் சார். பெரியவர்கள் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் அப்படியே அடித்ததை 1961-இலேயே பந்துரா என்ற உளவியல் ஆய்வாளர் சோதித்துக் காட்டிவிட்டார். ஸ்வீடன் 1979-இல், பெற்றோர்கூடப் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது.

பதில்:
எல்லாம் சரி, குத்துப்பட்ட பையனைப் பற்றி யாருமே பேசவில்லையே? என் தம்பியை ஒருவன் அடித்துவிட்டு மறுநாளே எதிரில் வந்து நின்றான், கேட்பாரில்லை. அடிபட்டதைவிட அதுதான் அவனை நொறுக்கியது. கடுமையான தண்டனை நானும் கேட்கவில்லை. செய்தவன் பதில் சொல்லியே ஆக வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி கேட்டவர்:
கடைசிப் பதிலைப் படித்ததும் சுருக்கென்றது. குத்துப்பட்டவனிடம் காயம் ஆறிவிட்டதா என்றதோடு விட்டுவிட்டேன். நாளை முதல் வேலை அவனோடு உட்கார்ந்து பேசுவது. அப்புறம், நோட்டில் எழுதிப் பார்த்தேன். இந்தப் பருவத்தில் நான்கு சண்டை. மூன்று, மதிய இடைவேளை முடிந்து அடுத்த ஆசிரியர் வருவதற்குள் நடந்தவை. ஐந்து நிமிடம் இருக்கும். இனி அந்த நேரத்தில் நான் வகுப்பில் நிற்பேன்.