மூக்கடைத்தால் சுவை ஏன் மங்குகிறது? மோப்பப் புலனின் அமைப்பு குறித்து ஒரு கேள்வி

கேள்வி

சளி பிடித்து மூக்கு அடைத்துக்கொள்ளும்போது உப்பும் புளிப்பும் நன்றாகவே தெரிகின்றன. ஆனால் எந்தப் பழத்தைச் சாப்பிடுகிறோம் என்பதே பிடிபடுவதில்லை. நாக்கில் ஒரு குறையும் இல்லாதபோது சுவை மங்குவது ஏன்? வாசனையை மூக்கின் எந்தப் பகுதி உணர்கிறது, அது எந்த வழியாக மூளைக்குச் செல்கிறது? அடைப்பு நீங்கிய பிறகும் சிலருக்கு வாசனை திரும்புவதில்லை என்கிறார்களே, அது ஏன்? உடற்கூறு அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

மறுமொழி 1

நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. நாக்கு உணர்வது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (இறைச்சிச்சாறு, காளான் போன்றவற்றின் சுவை) ஆகிய ஐந்தைத்தான். மற்றதெல்லாம், மெல்லும்போது எழும் ஆவி தொண்டையின் பின்புறமாக மேலேறி மூக்கறையை அடைவதால் கிடைக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு பழச்சுவை மிட்டாயை வாயில் போட்டுப் பாருங்கள். இனிப்பும் லேசான புளிப்பும் மட்டுமே தெரியும். விரலை எடுத்து மூச்சை வெளியே விட்டதும் அது ஆரஞ்சா எலுமிச்சையா என்பது சட்டென விளங்கிவிடும்.

வாசனையை உணரும் படலம் மூக்கறையின் கூரையில், ஏறக்குறைய இரு கண்களுக்கு நடுவே உள்ள உயரத்தில், பக்கத்துக்குச் சில சதுர சென்டிமீட்டர் பரப்பில் மட்டுமே இருக்கிறது. இயல்பான மூச்சில் காற்றின் சிறு பங்கே அங்கு எட்டுகிறது. எதையாவது முகர்ந்து பார்க்கும்போது நாம் காற்றை வேகமாக உறிஞ்சுவது அதனால்தான். சளியின்போது உட்சவ்வு வீங்கி அந்தக் குறுகிய வழியை அடைத்துவிடுகிறது.

அந்தப் படலத்தில் உள்ள நரம்பணு ஒவ்வொன்றின் நுனியிலிருந்தும் நுண்ணிய இழைகள் கோழைக்குள் நீண்டிருக்கும். மணமூலக்கூறு கோழையில் கரைந்து இழையின் மீதுள்ள ஏற்பியில் (மணமூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் புரதத்தில்) பொருந்தியதும் மின்குறிப்பு பிறக்கிறது. அணுவின் மறுமுனையிலுள்ள நார்கள் கற்றைகளாகச் சேர்ந்து, மூக்கறையின் கூரையாக அமைந்த எத்மாய்டு எலும்பின் சல்லடைத் தட்டிலுள்ள துளைகள் வழியாக மண்டையோட்டுக்குள் நுழைந்து மூளையின் அடிப்புறத்திலுள்ள மோப்பக் குமிழில் முடிகின்றன. நரம்பணுவே வெளிக்காற்றை நேரடியாக எதிர்கொள்ளும் இந்த ஏற்பாடு உடலில் வேறெங்கும் காண்பதற்கரியது.

மறுமொழி 2

மேலே சொன்ன ஏற்பிகளைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மோப்பத்தின் உண்மையான வியப்பு அங்குதான் இருக்கிறது. லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991-இல் இந்த ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தைக் கண்டறிந்து, 2004-இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதரில் செயல்படும் ஏற்பி வகைகள் ஏறத்தாழ 400. ஒரு நரம்பணு பொதுவாக ஒரே வகை ஏற்பியைத்தான் தாங்கும். ஆனால் ஒரு மூலக்கூறு பல வகை ஏற்பிகளைத் தூண்டும், ஓர் ஏற்பியும் பல மூலக்கூறுகளுக்கு இசையும். எழுத்துகள் சேர்ந்து சொற்களாவதுபோல், எந்தெந்த ஏற்பிகள் சேர்ந்து தூண்டப்பட்டன என்பதையே மூளை ஒரு மணமாக அறிகிறது. 400 வகையைக் கொண்டு எண்ணற்ற மணங்களைப் பிரித்தறிய முடிவது இதனால்தான்.

மற்றப் புலன்களின் செய்திகள் மூளையின் நடுவிலுள்ள இடைநிலையமான தாலமஸைக் கடந்தே மூளையின் மேலுறையான புறணியை அடைகின்றன. மோப்பமோ குமிழிலிருந்து நேராகப் புறணிக்கும், உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டாலாவுக்கும் செல்கிறது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அப்படியானால், மூக்கடைப்பிலும் அம்மோனியாவின் நெடி உறைப்பது எப்படி?

மறுமொழி 2

அது மோப்ப நரம்பின் வேலையன்று. எரிச்சல், உறைப்பு, மென்தாலின் குளிர்ச்சி ஆகியவற்றை முக்கிளை நரம்பு உணர்கிறது. அதன் கிளைகள் மூக்கு, கண், வாய் எங்கும் பரவியுள்ளன. மோப்பத்தை முற்றிலும் இழந்தவர்களும் அம்மோனியாவை உணர்வார்கள்.

மறுமொழி 3

வாசனை திரும்பாததற்கு அடைப்பு அல்லாத காரணங்களும் உண்டு. தலையில் பலத்த அடி விழுந்தால் சல்லடைத் தட்டைக் கடக்கும் மெல்லிய நார்கள் அறுந்துபோகலாம். கோவிட் தொற்றில், நரம்பணுக்களைவிட அவற்றைத் தாங்கி நிற்கும் துணை அணுக்களே முதலில் தாக்கப்படுகின்றன; மூக்கடைப்பே இல்லாமல் பலருக்கு மோப்பம் போனதற்கு அதுவே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. படலத்தின் அடியிலுள்ள அடித்தள அணுக்கள் புதிய மோப்ப நரம்பணுக்களை உருவாக்கிக்கொண்டே இருக்கின்றன. மீளும் காலத்தில் பழகிய மணம் சிலருக்கு அருவருப்பாக மாறித் தெரியும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். தெரிந்த சில மணங்களை நாள்தோறும் கவனத்துடன் முகரும் பயிற்சியை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள், மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். காரணமின்றித் திடீரென மோப்பம் போனால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அதுவரை வீட்டில் எரிவாயுக் கசிவை அறிவிக்கும் கருவி இருப்பது மிக அவசியம், ஏனெனில் கசிவை உணர்த்தவே எரிவாயுவில் சேர்க்கப்படும் நாற்றம் மோப்பம் இழந்தவருக்குத் தெரியாது.