மண்டபத்தில் முதல் வித்தை முடிவதற்குள் ஆள் எழுந்துபோகிறார்கள்: எதைக் கொண்டு தொடங்குவது?

சீட்டுக்கட்டு:
வணக்கம். மதுரைப் பக்கம் கல்யாண வரவேற்புகளில் விருந்தினர்களின் அருகில் போய் வித்தை காட்டுகிறேன். மேடை கிடையாது, கையெட்டும் தூரம்தான். இதுவரை பதினொரு நிகழ்ச்சிகள். என் வரிசை: முதலில் ஆம்பிஷியஸ் கார்டு (கட்டுக்குள் செருகிய சீட்டு மறுபடி மறுபடி மேலே வரும் வித்தை), பிறகு நாணயம், கடைசியில் ஸ்பாஞ்ச் பந்து. மொத்தம் ஏழு நிமிடம். கடைசி இரண்டுக்கும் நல்ல வரவேற்பு. ஆனால் அங்கே போய்ச் சேருவதற்குள் பாதிப் பேர் பந்திக்கு எழுந்துவிடுகிறார்கள். போன வாரம் கட்டைப் பிரித்ததும் ஒரு பெரியவர், "கல்யாண வீட்டில் சீட்டா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்கான டபுள் லிஃப்ட் என்ற கைநுட்பம் ஒரு வருடம் கண்ணாடி முன் பழகியது. அதில் குறையில்லை என்றே நினைக்கிறேன். பிசகு வித்தையிலா, வரிசையிலா, என்னிடமா?

பழைய செப்பு:
கையில் பிசகு இருந்தால் நடுவில் பிடிபட்டிருப்பீர்கள் தம்பி. ஆரம்பத்திலேயே ஆள் போவது வேறு நோய். ஒன்று சொல்லுங்கள்: நீங்கள் வணக்கம் சொன்னதிலிருந்து முதல் ஆச்சரியம் நிகழும் வரை எத்தனை நொடி? கைபேசியில் அளந்து சொல்லுங்கள், குத்துமதிப்பு வேண்டாம்.

சீட்டுக்கட்டு:
அளந்தேன் ஐயா. 85 நொடி. கலைப்பது, விரிப்பது, ஒருவரை எடுக்கச் சொல்வது, சீட்டில் கையெழுத்து வாங்குவது. பேனா மூடியைத் தேடிய நேரமும் இதில் சேர்த்தி. இவ்வளவு ஆகும் என்று நினைக்கவேயில்லை.

பழைய செப்பு:
அதுதான் விஷயம். வித்தை மட்டமானதல்ல. 1922-இல் சிகாகோவில் சீட்டு வித்தைக்காரர் டாய் வெர்னன், புகழ்பெற்ற வித்தைக்காரர் ஹூடினியைத் திணறடித்தது இந்த வகை வித்தையால்தான். சீட்டை மேலிருந்து இரண்டாவதாகச் செருகச் செருக மேலே வந்துகொண்டே இருந்தது. திரும்பத் திரும்பப் பார்த்தும் ஹூடினிக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஹூடினி பார்ப்பதற்கென்றே நின்றவர். உங்கள் பெரியவர் அடுத்த பந்தியில் இடம் பிடிக்கக் காத்திருப்பவர். அவர் உங்களை அழைக்கவில்லை, வித்தையும் கேட்கவில்லை.

முதல் 15 நொடிக்குள் ஏதாவது நடந்தாக வேண்டும். அதற்கு அவர் எதையும் எடுக்கவோ எழுதவோ நினைவில் வைக்கவோ தேவை இருக்கக் கூடாது. பக்கத்தில் மெல்லிசைக் குழு முழங்கிக்கொண்டிருக்கும். பேச்சே கேட்காவிட்டாலும் கண்ணுக்குப் புரிய வேண்டும். சீட்டு மூன்றாவதாக வரட்டும். சூதாட்ட நினைப்பு நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு எளிதில் போகாது. உங்களைப் பிடித்துப்போன பிறகு அதைப் பொறுத்துக்கொள்வார்கள்.

இரண்டு வளையம்:
ரப்பர் பேண்டில் தொடங்குங்கள். இரண்டு பேண்டுகள், ஒன்றை ஒன்று ஊடுருவி வெளியே வரும். பத்து நொடி. முடிந்ததும் கையிலேயே கொடுத்துவிடலாம், அடுத்த வரிசைக்கு நடக்கும்போது எதையும் மறுபடி அடுக்க வேண்டியதில்லை. மளிகைக் கடையில் கிடைக்கும் மெல்லிய பேண்ட் வேண்டாம். வெயில் காலத்தில் இற்றுப்போய்ப் பட்டென்று அறுந்துவிடும். எனக்கு ஒருமுறை மாப்பிள்ளையின் தாய்மாமன் கன்னத்தில் போய் அடித்தது. வெள்ளைச் சட்டைக்கு எதிரே மஞ்சள் பேண்ட் தெரியாது, சிவப்போ பச்சையோ எடுங்கள்.

மோதிரமும் விரலும்:
ஒருவரிடம் மோதிரம் வாங்கி அதை மறையச் செய்யலாமே? அதைவிடப் பலமான தொடக்கம் உண்டா?

ஸ்பாஞ்ச் அக்கா:
கல்யாண மண்டபத்தில், முன்பின் தெரியாதவரிடம், தங்க மோதிரத்தைக் கழற்றிக் கொடுப்பவர் யார்? அப்படியே கொடுத்தாலும் அது மறைந்த நொடியில் அவருக்கு வருவது வியப்பு அல்ல, வயிற்றுக் கலக்கம். வேண்டவே வேண்டாம்.

நான் பிறந்தநாள் விழாக்களில் காட்டுகிறவள். என் ஓட்டு ஸ்பாஞ்ச் பந்துக்கு, அதுவும் முதலிலேயே. பந்து அவர்கள் மூடிய கைக்குள் இரண்டாகிறது. சொந்தக் கைக்குள் நடந்ததை யாரும் மறுக்க முடியாது. குழந்தை சிரித்தால் தாய் திரும்புவார், தாய் திரும்பினால் அந்த வரிசையே திரும்பும்.

பழைய செப்பு:
இதில் அக்காவோடு உடன்பட மாட்டேன். அவ்வளவு பெரிய சிரிப்பை முதலிலேயே செலவழித்துவிட்டால் அடுத்து வரும் நாணயம் சப்பென்று ஆகிவிடும். அதோடு, முன்பின் தெரியாத பெரியவரிடம் போன உடனே "கையை நீட்டுங்கள்" என்று சொல்ல முடியுமா? இரண்டு நிமிடம் பழகிய பிறகு நீட்டுவார். பந்து கடைசியிலேயே இருக்கட்டும்.

ஸ்பாஞ்ச் அக்கா:
குழந்தைகள் உடனே நீட்டுவார்கள் ஐயா. பெரியவர்களைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி.

மோதிரமும் விரலும்:
சரி, மோதிரத்தை விட்டுவிடுகிறேன். பத்து ரூபாய் நோட்டை ஐந்நூறாக மாற்றுவது?

இரண்டு வளையம்:
நம் நோட்டுகள் ஒரே அளவில் இல்லை. பத்து 123 மில்லிமீட்டர் நீளம், ஐந்நூறு 150. ஒரே மாதிரி மடித்தால் பொட்டலம் பெரிதாகிவிடும், மடிப்பைத் தனியாகப் பழக வேண்டும். அதைச் சரிசெய்தாலும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "என்னிடம் இருப்பதையும் மாற்றிக் கொடுங்கள்." நான்கு முறை சிரித்துச் சமாளித்தேன், ஐந்தாவது முறை விட்டுவிட்டேன். (செய்முறையை யாரும் இங்கே விளக்க வேண்டாம், பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.)

பழைய செப்பு:
தம்பியிடம் ஏற்கெனவே நாணயம் இருக்கிறதே, அதை ஏன் முன்னால் கொண்டுவரக் கூடாது? எந்த நாணயம் பயன்படுத்துகிறீர்கள்?

சீட்டுக்கட்டு:
அமெரிக்க அரை டாலர். பயிற்சி காணொளிகளில் எல்லாரும் அதைத்தான் வைத்திருந்தார்கள்.

பழைய செப்பு:
அது 30.6 மில்லிமீட்டர், உள்ளங்கையில் சுகமாக உட்காரும், மறுக்கவில்லை. ஆனால் பார்ப்பவருக்கு அது வித்தைக்காரன் காசு. அவருடைய பையில் இருப்பது பத்து ரூபாய், 27 மில்லிமீட்டர். மூன்றரை மில்லிமீட்டர் குறைவு என்பதால் ஒரு வாரம் விரல் தடுமாறும், பிறகு பழகிவிடும்.

பேச்சும் தயாராக இருக்கிறது. "இதைக் கடையில் வாங்க மறுக்கிறார்களா?" என்று கேளுங்கள். நம் ஊரில் இதற்குத் தலையாட்டாதவர் இல்லை. 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இல் சொல்லியும் பல கடைகளில் வாங்கவில்லையே. "அப்படியானால் போகட்டும்" என்று சொல்லிக் காணாமல் ஆக்குங்கள். கேள்வி ஒன்று, மறைவு ஒன்று, சட்டைக் காலரிலிருந்து திரும்ப வருவது ஒன்று. இருபது நொடிக்கு மேல் போகாது.

சீட்டுக்கட்டு:
இரண்டு நிகழ்ச்சிகளில் செய்து பார்த்தேன். முதலில் ரப்பர் பேண்ட், அடுத்து பத்து ரூபாய், பிறகு சீட்டு, கடைசியில் பந்து. முதல் நாள் பேண்ட் வரிசையின் ஓரத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவே இல்லை. இரண்டாம் நாள் பேண்டை விட்டுவிட்டு நேராகக் காசில் தொடங்கினேன். "கடையில் வாங்குகிறார்களா?" என்று கேட்டதும் ஒரு அம்மாள் தன் கைப்பையிலிருந்து ஏழு காசுகளை எடுத்துக் கொட்டி, "எல்லாவற்றையும் மறையச் செய்" என்றார். அந்த வரிசையில் ஒருவரும் எழவில்லை.

ஒரு புதுச் சிக்கல். நாற்காலிகள் மேடையைப் பார்த்து வரிசையாக இருப்பதால் முன்வரிசைக்கு நான் காட்டும்போது சிறுவர்கள் என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறார்கள். கை முழுவதும் அவர்களுக்குத் தெரிகிறது. நேற்று ஒருவன் உரக்கச் சொல்லியே விட்டான்.

ஸ்பாஞ்ச் அக்கா:
நடைபாதையில் நிற்காதீர்கள். வரிசை முடியும் இடத்தில் தூணோ சுவரோ முதுகுக்கு வரும்படி நில்லுங்கள். தூண் இல்லையென்றால், அந்தச் சிறுவனையே முன்னால் அழைத்துக் காசைப் பிடிக்கக் கொடுங்கள். உதவியாளனாகிவிட்டவன் காட்டிக்கொடுக்க மாட்டான்.

இரண்டு வளையம்:
ஓரத்துக்குத் தெரியாது என்பது உண்மைதான், பேண்ட் நான்கு பேருக்குத்தான் சரி. பந்தியில் கை கழுவக் காத்திருப்பவர்களிடம் காட்டிப் பாருங்கள். அங்கே சும்மா நிற்கிறார்கள்.

சீட்டுக்கட்டு:
தூண் யோசனை அருமை அக்கா, நன்றி. பழைய செப்பு ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த அம்மாளிடம் ஆறு காசுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏழாவது இப்போதுதான் என் பையில் கிடைத்தது. அவர் யாரென்றே தெரியாது. என்ன செய்வது?

பழைய செப்பு:
ஒரு ரூபாய் சேர்த்துப் பதினொன்றாக மொய் எழுதிவிடுங்கள்.