சாஃப்ட் டாப்புக்குத் தமிழ்: மேற்கட்டியா, மடிகூரையா?

பாளையங்கோட்டையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

வண்டிப் பராமரிப்புக் கையேட்டில் 'சாஃப்ட் டாப்', அதாவது கூரையைத் திறந்து மடிக்கக்கூடிய காரின் துணிக்கூரை, என்ற சொல்லுக்கு இன்னும் தமிழ் முடிவாகவில்லை. 'மென்கூரை' என்பது சொல்லுக்குச் சொல் மாற்றியது, அதில் பொருள் ஒன்றும் தெரியவில்லை. 'மடிகூரை' காதுக்கு நன்றாக இருக்கிறது. வினைத்தொகை என்பதால் இடையில் 'க்' வராது. 'மடிக்கூரை' என்று எழுதினால் மடியில் வைக்கும் கூரை ஆகிவிடும். ஒரு சிக்கல் உண்டு. தகடாகவே மடிந்து டிக்கிக்குள் போகும் கூரைகளும் இருக்கின்றன, அவையும் மடிகூரைதான். துணிக்கு மட்டும் தனிச்சொல் வேண்டும்.

கூடவே, மழைக்கு முன் அடிக்கும் வாட்டர்ப்ரூஃப் ஸ்பிரேயை 'நீர்புகாத் தெளிப்பு' என்று எழுதியிருக்கிறேன். அது சரிதானே?

பேட்டையிலிருந்து:

அண்ணாச்சி, முதலில் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 'நீர்புகாத் தெளிப்பு' என்ற சொல் கையேட்டில் ஏறவே கூடாது. உள்ளே ஒழுகுகிறது என்று வருகிறவர், அந்தப் பெயரை நம்பி இரண்டு பாட்டில் அடித்துவிட்டுப் போவார். ஒழுக்கு நிற்காது.

காரணம் துணியின் அமைப்பு. நல்ல மேற்கூரைத் துணி மூன்று அடுக்கு. வெளியே அக்ரிலிக் நெசவு, நடுவில் பியூட்டைல் ரப்பர், உள்ளே லைனிங் துணி. தண்ணீரைத் தடுப்பது நடுவில் உள்ள ரப்பர். வெளியே அடிக்கிற ஃப்ளோரோபாலிமர் தெளிப்புக்கு அந்த வேலையே கிடையாது. தண்ணீர் நெசவில் ஒட்டாமல் உருண்டு ஓடச் செய்வது மட்டும்தான் அதன் வேலை. ஆகவே ஒன்று புகாமை, மற்றது ஒட்டாமை. நடு அடுக்கைப் 'புகாப்படலம்' என்போம், தெளிப்பை 'ஒட்டாப்பூச்சு' என்போம். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் நோய் ஒன்று, மருந்து வேறு என்று ஆகிவிடும்.

ஒட்டாமை போய்விட்டதா என்று பார்க்க, காய்ந்த கூரையில் கையால் தண்ணீர் தெளித்தால் போதும். பூச்சு இருக்கும் இடத்தில் துளி சேம்பிலை மேல் விழுந்தது போல உருண்டு நிற்கும், அடியில் துணியின் நிறம் மாறாது. பூச்சு போன இடத்தில் துளி கொஞ்ச நேரம்தான் தாங்கும். பிறகு அதன் விளிம்பு கலைந்து, நெசவின் ஓட்டத்திலேயே கறுப்பாகப் பரவும். அப்போதும் உள்ளே ஒரு சொட்டு வராது. கெடுதல் வேறு வகையில் வரும். நனைந்த நெசவு அழுக்கைப் பிடித்துக்கொள்ளும், காய நாளாகும், பூஞ்சை ஏறும், தையல் நூல் இற்றுப்போகும்.

பூசும் முறை: நிழலில் நிறுத்தி, சூடு ஆறிய பிறகு தூசியைத் தட்டி, தண்ணீரால் முழுக்க நனைக்க வேண்டும். 10 லிட்டர் வாளித் தண்ணீருக்கு 30 மி.லி. அளவு நடுநிலைக் (அமிலமோ காரமோ இல்லாத) கார் ஷாம்பு, மென்மையான பிரஷ், நெசவின் போக்கிலேயே தேய்ப்பு. துணி துவைக்கும் சோப்புத்தூளும் பிளீச்சிங் பவுடரும் கூடாது. முன்னது பூச்சை எடுக்கும், பின்னது நூலைத் தின்னும். பிரஷர் வாஷரைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. பலர் தவறுவது அலசுவதில்தான். நுரை நின்றுவிட்டது என்று விட்டுவிடாமல், ஓடி விழும் தண்ணீரைக் கையில் பிடித்துப் பார்த்து, வழுவழுப்பு போகும்வரை அலச வேண்டும். சோப்பு தண்ணீரை இழுக்கும் பொருள். அது நெசவில் தங்கினால் எவ்வளவு விலை உயர்ந்த பூச்சும் பிடிக்காது.

கூரை முற்றிலும் காய்ந்த பிறகு, கண்ணாடியையும் பெயிண்டையும் பழைய துணியால் மூடிவிட்டு, லேசாக இரண்டு முறை தெளிக்கவும். இரண்டு இருக்கை வண்டிக்கு ஏறக்குறைய அரை லிட்டர் போகும். ஒரு நாள் முழுக்க மடிக்காமலும் நனைக்காமலும் விட வேண்டும். ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசி வெயிலிலேயே முடித்துவிடுவது நல்லது.

துணிக்குப் பதில் வினைல் என்ற பிளாஸ்டிக்கால் ஆன கூரைக்கு இது எதுவும் பொருந்தாது. அதற்குப் புகாமை பிறவியிலேயே உண்டு. அதற்கு எதிரி வெயில். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட புற ஊதாக் காப்பு பூசினால் போதும். பெட்ரோலியம் கலந்த பளபளப்பு எண்ணெய் வினைலுக்குள் இருக்கும் நெகிழ்வூட்டியை வெளியே இழுத்துவிடும். பிறகு அது அப்பளம் மாதிரி விறைத்து, மடிக்கிற இடத்தில் பிளந்துபோகும்.

திசையன்விளையிலிருந்து:

ஒட்டாப்பூச்சு, புகாப்படலம் இரண்டையும் மனதார வரவேற்கிறேன். தமிழ் வழக்கிலேயே நிற்கிற சொற்கள்; 'ஓடாக்குதிரை' மாதிரி ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்பதால் வலி மிகுவதும் சரி.

கூரைக்கு 'படுதா' என்று யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். ஜீப்புக்கும் லாரிக்கும் நம் பக்கம் அதுதான் வழக்கு, ஈழத்தில் 'படங்கு' என்பார்கள். இரண்டும் தளர்வாகப் போர்த்திக் கட்டுவது. இந்தக் கூரை அப்படி அல்ல, விறைப்பாக நிற்க வேண்டியது. தளர்ந்தால் காற்றில் படபடத்து, சட்டம் உரசும் இடத்தில் ஓட்டை விழும். ஆனி, ஆடிக் காற்றில் இந்தப் பக்கம் அதற்கு நாளாகாது. படுதா என்று பெயர் வைத்தால், லாரிப் படுதாவுக்குப் பூசுகிற மெழுகை இதற்கும் பூசிவிடுவார்கள். நெசவு அடைத்துப்போகும்.

என் சொல் மேற்கட்டி. சாமிக்கும் மணவறைக்கும் மேலே இழுத்துக் கட்டுகிற துணி. இழுத்துக் கட்டுவது என்ற கருத்து அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. துணிக்கும் வினைலுக்கும் பொதுவாக நிற்கும்.

ஊர்ப்பக்கத்துக் குறிப்பு ஒன்றையும் கையேட்டில் சேருங்கள். தேரிக்காட்டுச் செம்மண் பொடி நெசவுக்குள் இறங்கினால் ஒவ்வொரு மடிப்பிலும் அரம் மாதிரி அறுக்கும். ஈரத்தோடு தேய்த்தால் செம்மண் கறையாகவே தங்கும். முதலில் வாக்குவம் போட்டு உறிஞ்ச வேண்டும், பிறகுதான் தண்ணீர். உப்பான போர் தண்ணீரில் கழுவினால் வெள்ளை பூக்கும், கடைசி அலசலுக்காவது ஆற்றுத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ வேண்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து:

மேற்கட்டி சரிதான். பின்பக்கப் பிளாஸ்டிக் கண்ணாடியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? அமோனியா கலந்த கிளீனரும் காய்ந்த துணியும் கூடாது, தண்ணீர் ஊற்றிக்கொண்டே பருத்தித் துணியால் துடைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.

ஒரு கேள்வி. பூச்சும் நன்றாக இருந்து, படலமும் நன்றாக இருந்து, அப்படியும் ஒழுகினால்?

பேட்டையிலிருந்து:

பின்கண்ணாடிக்குச் சொன்னது போதும். ஜிப் வைத்த வண்டியானால் மேற்கட்டியை மடிக்கும் முன் அதைத் திறந்துவிட வேண்டும் என்று சேருங்கள், இல்லாவிட்டால் மடிப்புக்கோடு விழும்.

ஒழுக்கு என்றால் மூன்று இடம் பாருங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, வெளியே இன்னொருவர் ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். கீழிருந்து மேலே, ஒரு இடத்துக்கு இரண்டு மூன்று நிமிடம். மேலிருந்து தொடங்கினால் வழிந்து வரும் தண்ணீர் எங்கே நுழைந்தது என்றே தெரியாது.

ஒன்று, ஓர ரப்பர். விறைத்திருந்தால் சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாகத் தடவலாம். வாசலின் வேண்டாம், ரப்பரை ஊத வைக்கும். இரண்டு, தையல். ஊசி போன இடத்தில் புகாப்படலத்திலும் ஓட்டை இருக்கிறது. அதை மூடிய பசை போனால் தண்ணீர் நூலைப் பிடித்தே உள்ளே இறங்கும். அதற்கு ஒட்டாப்பூச்சு உதவாது, தையல் அடைப்பான் என்ற பசையைத் தையல் ஓரமாகத் தடவ வேண்டும். மூன்றாவதைத்தான் யாரும் நினைப்பதில்லை. கூரையில் ஈரச்சுவடே இல்லாமல் காலடிக் கம்பளம் மட்டும் நனைந்திருந்தால், கூரையிலிருந்து வழியும் தண்ணீரை வண்டிக்கு அடியில் இறக்கும் வடிகுழாய் அடைத்திருக்கிறது. வேப்பமரத்தடியில் நிற்கிற வண்டி என்றால் பூவும் இலைக்காம்பும் சேர்ந்து களியாகிக் கிடக்கும். புல்வெட்டும் எந்திரத்தின் நைலான் நரம்பு, 2 மி.மீ. கனம், நுனியை நெருப்பில் காட்டி உருண்டையாக்கி மெதுவாகச் செலுத்தவும். காற்றடித்தால் குழாய் உள்ளேயே கழன்றுவிடும், அதற்கு உட்புறத்தைப் பிரிக்க வேண்டிவரும். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, வண்டிக்கு அடியில் சொட்டுகிறதா என்று பார்க்கவும்.

கூரையைத் தாங்கும் வளைந்த குறுக்குக் கம்பிகளுக்கு 'வில்' என்று போட்டிருக்கிறீர்கள். ஒர்க்‌ஷாப்பில் வில் என்றால் ஸ்பிரிங். ஓட்டு வீட்டுக் கூரையில் குறுக்கே கிடப்பது 'வளை'. அதையே போடுங்கள்.

திசையன்விளையிலிருந்து:

வளைக்கு என் வாக்கும். 'வடிகுழாய்' என்றே இருக்கட்டும், அதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம்.