லேட்டுக்கு அபராதம்: உங்க இடத்தில் என்ன ஆச்சு?

கருங்கல்_கணக்கு:
மார்த்தாண்டம் பக்கம் ஒரு அண்டி ஆபீசில் (முந்திரிப்பருப்பு ஆலை) கணக்கெழுதுகிறேன். தோலெடுக்கும் பெண்கள் லேட்டாக வருகிறார்கள் என்று 20 ரூபாய் அபராதம் போட்டார்கள். அதுவரை லேட்டானால் "பிள்ளைக்கு சொகமில்ல" என்று வாசலிலேயே சொல்லிவிட்டு, ஓட்டமாகப் போய் உட்காருவார்கள். அபராதம் வந்தபின் ஒரு அக்கா நிதானமாக நடந்து வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு பத்து ரூபாயை மேசையில் வைத்தார். "எழுதிக்க மக்களே. காசு குடுத்தாச்சுல்லா, இனி எதுக்கு ஓடணும்?"

அந்த முகத்தில் கோபமே இல்லை. அதுதான் மறக்க முடியவில்லை. இஸ்ரேலில் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில் நீசி, ருஸ்டிகினி என்ற பொருளாதார ஆய்வாளர்கள் பார்த்தது இதைத்தான் (2000இல் வெளியான ஆய்வு). பிள்ளையை லேட்டாகக் கூப்பிட வந்தால் அபராதம் என்றதும் லேட்டாக வருவது ஏறக்குறைய இரு மடங்கானது. அபராதத்தை எடுத்த பிறகும் குறையவில்லை. எங்களிடமும் எடுத்துவிட்டார்கள், ஓட்டம் திரும்பவில்லை.

வடசேரி_ஜவுளி:
20 ரூபாய் போட்டால் அப்படித்தான். காசு வேலை செய்யாது என்று சொல்லாதீங்க, எப்படிக் கொடுக்கிறோம் என்பதில் இருக்கு. நான் சேல்ஸில் இருந்த கடையில் வருகை போனஸை மாதம் பிறந்ததும் கையில் கொடுத்துவிடுவார்கள், லீவு போட்டால் திரும்ப வாங்குவார்கள். கானமன், ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979இல் எழுதினதுதான்: கிடைப்பதன் சந்தோஷத்தைவிட இழப்பதன் வலி பெரிது. லீவு குறைந்தது, உண்மை. ஆனால் ஓணம் சமயத்தில் ஒரு பிள்ளை காய்ச்சலோடு வந்து, சேலை அடுக்கில் சாய்ந்துகொண்டே விலை சொன்னாள். வீட்டுக்குப் போ என்றேன். "தங்கச்சிக்கு ஃபீஸ் கட்டிட்டேன் அண்ணா, திருப்பிக் குடுக்க காசில்ல."

குலசேகரம்_பால்வெட்டு:
ரெண்டு பேரும் காசையே பிடிச்சுத் தொங்குறீங்க. எங்க ரப்பர் தோட்டத்தில் பழைய கங்காணி பால் அளக்கும்போது "இன்னைக்கு வெட்டு நல்லாருக்கு ஓய்" என்பார். அதுக்காகவே விடியுமுன் மரத்தடியில் நின்றிருக்கிறேன்.

கருங்கல் தம்பி, முதலாளிகிட்ட சொல்லுங்க. அபராதம் இஷ்டத்துக்குப் போடுகிற விஷயமில்லை. 1936 சம்பளப் பட்டுவாடா சட்டத்திலேயே ஒரு சம்பளக் காலத்தில் கூலியில் 3 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று இருந்துச்சு. அதுக்குப் பதிலாக வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே 3 சதவீதம்தான். வசூலித்ததைப் பதிவேட்டில் எழுதணும், தொழிலாளிகள் நன்மைக்கே செலவழிக்கணும். அந்த அக்கா கொடுத்த 20 ரூபாய் எங்கே போச்சு, பாருங்க. அப்புறம், கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவர் லேட்டாக வந்தால் அவருக்கே நஷ்டம். அதைத் தெரிந்தும் வர முடியவில்லை என்றால் காரணம் வேறெங்கோ இருக்கு. காலையில் அவர்கள் ஊர் பஸ் எத்தனை மணிக்கு, பிள்ளைகளை யார் பள்ளிக்கு அனுப்புவது, ஒவ்வொருத்தரிடமும் கேளுங்க. பஸ்தான் காரணம் என்றால் வேலை தொடங்கும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்க. இதுக்கு முதலாளிக்கு ஒரு பைசா செலவில்லை.