ராமமூர்த்தி நகர் ரீசேல் ஃப்ளாட்: "வேற பார்ட்டி ரெடி"ன்னு புரோக்கர் அவசரப்படுத்தறார், என்ன பண்ணலாம்?

முருகேஷ்பாளையா வாசி:

எல்லாருக்கும் வணக்கம். 11 வருஷமா பெங்களூர்ல வாடகை வீடுதான். இப்ப ராமமூர்த்தி நகர் பக்கம் ஒரு 2 பிஹெச்கே பாத்தோம், 1140 சதுர அடி, 12 வருஷ பில்டிங், மூணாவது மாடி. ஓனர் 82 லட்சம் சொல்றார்னு புரோக்கர் சொன்னார், நாங்க 74 கேட்டோம். ரெண்டு நாள் கழிச்சு போன் பண்ணி, வேற பார்ட்டி 79-க்கு ரெடியா இருக்காங்க, நீங்க 80-ன்னு சொல்லிடுங்க, ஞாயித்துக்கிழமைக்குள்ள 2 லட்சம் டோக்கன் (முன்பணம்) போட்டா நான் பேசி முடிச்சு தர்றேங்கறார். அவரும் தமிழ்தான், திருவண்ணாமலை பக்கம், வீட்டுக்கு வந்து காபி குடிச்சிட்டு அம்மாகிட்ட அரை மணி நேரம் ஊர்க்கதை பேசிட்டு போறவர், அதனால கறாரா பேச வாய் வரமாட்டேங்குது. என் மனைவிக்கு பால்கனியை ஒட்டி இருக்கற வேப்பமரம் ரொம்ப புடிச்சுப்போச்சு, இந்த வீடுதான்னு புரோக்கர் எதிர்லயே சொல்லிட்டா. 60 லட்சம் லோன் சாங்ஷன் ஆயிடுச்சு, கமிஷன் 2 பர்சன்ட் கேக்கறார். ஓனர் சிங்கப்பூர்ல இருக்காராம், நாங்க இன்னும் அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசல. கையில இருக்கற மிச்ச காசு அப்பா ஊர்ல நிலத்தை வித்து குடுத்தது. அதான் பயமா இருக்கு. 80 சொல்லலாமா?

பானஸ்வாடி அக்கா:

தம்பி, சொல்லாதீங்க. முதல்ல ஒரு கணக்கு போட்டு பாருங்க. 80-க்கு முடிச்சா லோன் போக 20 லட்சம், ஸ்டாம்ப் டூட்டியும் செஸ்ஸும் சேர்த்து 5.6 பர்சன்ட், ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் 2025 ஆகஸ்ட் கடைசில இருந்து 2 பர்சன்ட் ஆயிடுச்சு, ஆக 7.6 பர்சன்ட்னா 6 லட்சத்து 8 ஆயிரம், கமிஷன் 1 லட்சத்து 60 ஆயிரம், மொத்தம் கையில இருந்து 27 லட்சத்து 68 ஆயிரம் போகும். இதே 76-ன்னா 23 லட்சத்து 30 ஆயிரம் கிட்டதான். உங்களுக்கு வித்தியாசம் 4 லட்சத்துக்கு மேல. ஆனா உங்ககிட்ட இருந்து புரோக்கருக்கு வர்றதுல வித்தியாசம் வெறும் 8,000 ரூபா! அவருக்கு வேண்டியது பெரிய விலை இல்ல, சீக்கிரம் முடியணும், அவ்வளவுதான். அதனால அவரை எதிரியா பாக்காதீங்க, "அண்ணே, லோன் லெட்டர் இதோ இருக்கு, பேப்பர் சரியா இருந்தா 45 நாள்ல ரிஜிஸ்டர் பண்ணிடுவோம், ஆனா 75-க்கு மேல எங்களால முடியாது"ன்னு லெட்டரை கையில குடுத்தே சொல்லுங்க. 75-க்கு வர வெக்கறது அவர் வேலை. உங்க கடைசி நம்பர் என்னவோ அது உங்க ரெண்டு பேர் மனசுலயே இருக்கட்டும், அம்மாகிட்ட கூட சொல்ல வேண்டாம், காபி குடிக்கறப்ப பேச்சுவாக்குல வந்துடும்.

இன்னொண்ணு, புரோக்கர் இல்லாம ஒரு நாள் சாயந்திரம் தனியா போய் வாட்ச்மேன்கிட்ட பேசுங்க. நாங்க வாங்கினப்ப அப்படித்தான் பண்ணோம், கிருஷ்ணகிரிக்காரர், "அக்கா, அந்த வீடு ஏழு மாசமா பூட்டிதான் கெடக்கு, வாரத்துக்கு நாலு டேங்கர் வருது"ன்னு ரெண்டே வாக்கியத்துல எல்லாத்தையும் சொல்லிட்டார். உள்ள போனா பாத்ரூம் குழாய் நுனியில உப்பு வெள்ளையா படிஞ்சிருக்கான்னு பாருங்க, சீலிங்ல ஒரு மூலைக்கு மட்டும் புது பெயின்ட் அடிச்சிருந்தா கையை வெச்சு பாருங்க. எங்களுக்கு சில்லுனு ஈரம் தட்டுச்சு, அந்த ஒரு மூலையை காட்டியே ஒண்ணரை லட்சம் குறைச்சோம்.

அல்சூர் ரிட்டயர்டு:

பானஸ்வாடி அம்மா சொன்னது நூத்துக்கு நூறு. நான் டோக்கன் பத்தி மட்டும் சொல்றேன். என் தம்பி இதே மாதிரி ஒரு ஞாயித்துக்கிழமை அவசரத்துல 1 லட்சத்தை ரொக்கமா புரோக்கர் கையில குடுத்தான், ரசீது கிடையாது. அப்புறம் இசி (வில்லங்க சான்றிதழ்) போட்டு பாத்தா வீட்டு மேல ஒரு பழைய அடமானம் தீராம நிக்குது, பணத்தை திரும்ப வாங்க எட்டு மாசம் நடையா நடந்தான், 60,000தான் வந்துது. அவன் பொண்ணு காலேஜ் ஃபீஸுக்கு வெச்ச பணம் அது, இன்னிக்கு நெனச்சாலும் எனக்கு வயிறு எரியுது. டோக்கன்னா 50,000 போதும், ஓனர் அக்கவுண்ட்டுக்கு பேங்க் மூலமா போகணும், பேப்பர்ல குறை இருந்தா முழுசா திருப்பி தரணும்னு எழுத்துல வாங்குங்க. வில்லங்கம் பாக்கறது கர்நாடக ரிஜிஸ்ட்ரேஷன் டிபார்ட்மென்ட்டோட காவேரி 2.0 சைட்லயே வீட்ல உக்காந்து பண்ணலாம்.

கேஆர் புரம் பேப்பர் பார்ட்டி:

எல்லாரும் விலையை பத்தி பேசறீங்க, அவர் போற போக்குல சொன்ன ஒரு விஷயத்தை கவனிச்சீங்களா, ஓனர் சிங்கப்பூர். இங்கயே இருக்கற ஆள் வித்தா, 50 லட்சமோ அதுக்கு மேலயோ இருந்தா 1 பர்சன்ட் டிடிஎஸ், அதாவது ஓனருக்கு குடுக்கற பணத்துலயே வரியை புடிச்சு, கட்டினா போதும். என்ஆர்ஐ (வெளிநாட்டுல குடியிருக்கற இந்தியர்) வித்தா அந்த கணக்கே வேற, ரொம்ப பெரிய தொகை புடிக்கணும், பாஸ்போர்ட் இந்தியாவோடதா இருந்தாலும் அங்கயே குடியிருந்தா என்ஆர்ஐதான். தெரியாம 1 பர்சன்ட் மட்டும் புடிச்சிட்டா மிச்சத்துக்கு இன்கம் டாக்ஸ் உங்களைத்தான் கேக்கும். ஓனர் குறைஞ்ச டிடிஎஸ்ஸுக்கு சர்டிஃபிகேட் வாங்கினா ரெண்டு பேருக்கும் நல்லது, ஆனா அதுக்கு டைம் ஆகும். சரியா பண்றேன், காத்திருக்கேன்னு நீங்க சொன்னா அதுவே பேரத்துல உங்களுக்கு ஒரு பலம், அவசரமா 79 தர்றேன்னு வர்றவன் இதுக்கெல்லாம் நிக்கமாட்டான்.

அப்புறம் இ-காத்தா (சொத்து யார் பேர்ல இருக்குன்னு மாநகராட்சி ஆன்லைன்ல தர்ற பதிவு) இல்லாம இங்க இப்ப ரிஜிஸ்ட்ரேஷனே ஆகாது. ஏ காத்தாவா (முறையான அனுமதி உள்ளது) பி காத்தாவான்னு (அதுல குறை உள்ளது) கேளுங்க, அந்தப் பக்கம் பி காத்தா பில்டிங் நிறைய, ஓசி (குடியேறலாம்னு தர்ற சர்டிஃபிகேட்) இருக்கான்னும் கேளுங்க. பி-ன்னா விலையே வேற, லோனும் இழுக்கும்.

முருகேஷ்பாளையா வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஞாயித்துக்கிழமை டோக்கன் போடல. ஓனர்கிட்ட வீடியோ கால்ல பேசணும்னு நின்னோம், புரோக்கர் ரெண்டு நாள் இழுத்தார், அப்புறம் அவரே ஏற்பாடு பண்ணினார். ஓனர் நல்ல மனுஷன். 79 பார்ட்டி பத்தி கேட்டேன், ஒருத்தர் வந்து பாத்தாங்க, விலை எதுவும் சொல்லலைன்னார். புரோக்கர்கிட்ட அதை பெருசு பண்ணல, அக்கா சொன்ன மாதிரி லோன் லெட்டரை குடுத்து 75-ன்னேன். 76-ல வந்து நிக்குது, அசோசியேஷன் பாக்கி 38,000 ஓனரே கட்டறார், புரோக்கர் கமிஷன் 1 பர்சன்ட்டுக்கு ஒத்துக்கிட்டார். ஏ காத்தாதான், ஆனா இ-காத்தால ஓனரோட அவர் மனைவி பேரும் இருக்கு, இத யாருமே சொல்லல. அவங்க நேர்ல வரணுமா, பவர் (பவர் ஆஃப் அட்டர்னி, அவங்க சார்பா வேற ஒருத்தர் கையெழுத்து போட அதிகாரம்) அனுப்பினா போதுமா?

கேஆர் புரம் பேப்பர் பார்ட்டி:

பவர் போதும், ஆனா ரெண்டு பேரும் குடுக்கணும். சிங்கப்பூர்ல இந்திய ஹை கமிஷன்ல அட்டெஸ்ட் பண்ணி அனுப்பணும், இங்க வந்து சேர்ந்த 3 மாசத்துக்குள்ள ஸ்டாம்ப் டூட்டி கட்டணும். விக்க, பணம் வாங்க, ரிஜிஸ்டர் பண்ணன்னு மூணும் அதுல தனித்தனியா எழுதியிருக்கான்னு டோக்கன் போடறதுக்கு முன்னாடி டிராஃப்ட்டை வாங்கி உங்க வக்கீல்கிட்ட காட்டிடுங்க. டிடிஎஸ்ஸும் மனைவி பங்குக்கு தனியா வரும், ஆடிட்டர்கிட்ட ரெண்டு பேரோட பான் நம்பரையும் குடுங்க.