வெண்பன்றித் தீவனமும் எருக்குழியும்

விக்டர் மாமா: அனைவருக்கும் வணக்கம். நம் பன்றிக் கொட்டகையிலிருந்து வாடை வருகிறது என்று கீழ்த்தெருவார் மறுபடியும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தீவனக் கடைக்காரர் பைட்டேஸ் நொதி, யுக்கா என்ற செடியின் பொடி, பால்குடி மறந்த குட்டிகளுக்குத் துத்தநாக ஆக்சைடு என்று மூன்றை எழுதிக் கொடுத்து, இவற்றைச் சேர்த்தால் வாடையும் குறையும், எருவும் நன்றாக இருக்கும் என்கிறார். ஜெபா மக்களே, நீ கால்நடை மருத்துவர், வாங்கலாமா?

ஜெபா: மாமா, பைட்டேஸுக்கும் வாடைக்கும் தொடர்பில்லை. மூக்கை எரிக்கும் அந்த நெடி அம்மோனியா. வளரும் பன்றி, தின்னும் புரதத்திலுள்ள நைட்ரஜனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் உடலில் சேர்க்கிறது. மீதியில் பெரும்பகுதி யூரியாவாகச் சிறுநீரில் போய்விடுகிறது. அந்தச் சிறுநீர் சாணத்தோடு கலந்ததும், சாணத்திலுள்ள நுண்ணுயிர்களின் யூரியேஸ் நொதி அதைச் சில மணி நேரத்திலேயே அம்மோனியாவாக மாற்றத் தொடங்கிவிடும். ஆகவே சோயாப் புண்ணாக்கைக் குறைத்து, அதனால் குறைகிற லைசின், திரியோனின், மெத்தியோனின் ஆகிய அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்ப்பதே முதல் வேலை. தீவனப் புரதத்தை 18 சதவீதத்திலிருந்து 17 ஆக்கினாலே வெளியேறும் நைட்ரஜன் சுமார் 8 முதல் 10 சதவீதம் வரை குறையும். 16 ஆக்கினால் ஏறத்தாழ அதன் இரு மடங்கு.

விக்டர் மாமா: புரதத்தைக் குறைத்தால் எடை ஏறாதே?

ஜெபா: அமினோ அமிலம் சேர்க்காமல் புண்ணாக்கை மட்டும் குறைத்தால் நிச்சயம் ஏறாது. லைசின் அளவு சரியாக இருந்தால் பன்றி வழக்கம்போலவே வளரும். யுக்காவைப் பொறுத்தவரை, சில சோதனைகளில் பலன் தெரிந்திருக்கிறது, சிலவற்றில் தெரியவில்லை. அதற்கு இப்போது பணம் போட வேண்டாம் என்பது என் கருத்து.

மேரி அத்தை: தீவனம் கலப்பவள் நான் என்பதால் கேட்கிறேன். தவிட்டையும் சோளக் குருணையையும் கஞ்சியாகக் காய்ச்சும்போதே அந்தப் பைட்டேஸைப் போட்டுவிடலாமா?

ஜெபா: வேண்டாம் அத்தை, கொதிக்கும் கஞ்சியில் நொதி செயலிழந்துவிடும், ஆறிய பிறகு கலக்குங்கள். தானியங்களில் உள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற பிடிக்குள் இருக்கிறது. தவிட்டில் அது இன்னும் அதிகம். அதை உடைக்கப் போதுமான நொதி பன்றியின் குடலில் இல்லாததால் அப்படியே எருவில் வந்துவிடுகிறது. வெளியிலிருந்து கிலோவுக்கு 500 யூனிட் பைட்டேஸ் சேர்த்தால் ஏறத்தாழ 1 கிராம் பாஸ்பரஸ் விடுபடும். ஆனால் கடைக்காரர் சொல்லாத ஒன்று உண்டு: 100 கிலோ தீவனத்துக்குச் பாஸ்பரஸுக்காகக் கலக்கும் டைகால்சியம் பாஸ்பேட் உப்பைச் சுமார் அரைக் கிலோ நாம் குறைத்தால்தான் எருவில் பாஸ்பரஸ் குறையும். நொதியையும் போட்டு அதையும் பழையபடியே போட்டால், விடுபட்டது முழுவதும் வேறு வழியாக வெளியேறும், செலவுதான் மிச்சம். சுண்ணாம்புத் தூளையும் அள்ளிப் போடக் கூடாது, கால்சியம் மிகுந்தால் நொதியின் வேலை கெடும்.

தாசன் அண்ணன்: எருவை எடுத்து வாழைக்குப் போடுகிறவன் நான். பாஸ்பரஸ் குறைந்தால் எனக்கு நட்டம்தானே, தங்கச்சி?

ஜெபா: இல்லை அண்ணா. வாழை கேட்பது பெரும்பாலும் சாம்பல் சத்தும் தழைச்சத்தும். தழைச்சத்துக்குப் போதும் என்கிற அளவுக்குப் பன்றி எருவைக் கொட்டும்போது, வாழை எடுத்துக்கொள்வதைவிட அதிகமான பாஸ்பரஸ் மண்ணில் சேர்ந்துகொண்டே போகிறது. மழையில் அது மண்ணோடு அரித்துக் குளத்துக்குப் போனால் பாசி பிடிக்கும். நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது துத்தநாகத்தைப் பற்றி.

தாசன் அண்ணன்: என் மண்ணில் துத்தநாகம் குறைவு என்றுதானே மண் பரிசோதனையில் வந்தது?

ஜெபா: அதற்கு அளவாகத் துத்தநாக சல்பேட் போடலாம். குட்டிக்குத் தேவை கிலோ தீவனத்துக்குச் சுமார் 100 மில்லிகிராம்; கழிச்சலைத் தடுக்கத் துத்தநாக ஆக்சைடாகப் போடுவதோ 2,500 மில்லிகிராம் வரை. அதில் பெரும்பகுதி சாணத்தில் வரும், மண்ணில் தங்கும், மட்காது. இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் இந்த மருந்தளவுப் பயன்பாட்டை நிறுத்தியது. வளர்ச்சிக்காக அதிகம் போடும் தாமிரமும் இப்படித்தான். தாமிரம் மிகுந்த எரு போட்ட புல்லைச் செம்மறிகள் மேய்ந்தால் ஈரல் பாதிக்கப்படும். அண்ணி வீட்டு ஆடுகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

விக்டர் மாமா: அப்படியானால் பைட்டேஸையும் லைசினையும் கேட்கிறேன். குட்டிகளுக்குக் கழிச்சல் வந்தால்?

ஜெபா: குட்டிகளைப் பால் மறக்க வைப்பதைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள், அவற்றின் தீவனத்திலும் புரதத்தைக் குறையுங்கள், செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும் புரதம்தான் கழிச்சல் கிருமிகளுக்குத் தீனி. அதற்கும் மேல் வந்தால் என்னைக் கூப்பிடுங்கள்.

மேரி அத்தை: போன வாரம் வாங்கிய டைகால்சியம் பாஸ்பேட் மூட்டை முழுசாக இருக்கிறதே?

ஜெபா: ஈரம் படாமல் கட்டி வையுங்கள் அத்தை, இனி அது கூடுதல் நாளைக்கு வரும்.