சுற்றி வைத்த வயரும் கயிறும் எடுக்கும்போது மட்டும் சிக்காவது ஏன்?

வெள்ளிமீன்:
ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் 10 மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று, சின்ன எக்ஸ்டென்ஷன் இரண்டு, பழைய சார்ஜர் வயர்கள், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நைலான் கயிறு, சாமான் கட்டுவதற்கென்று வாங்கிய தடித்த கயிறு எல்லாம் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் கட்டைவிரல் இடுக்கிலும் முழங்கையிலும் கொடுத்துச் சுற்றி, கடைசி நுனியைச் சுருளின் இடுப்பில் இரண்டு சுற்று சுற்றி உள்ளே செருகித்தான் வைக்கிறேன். வைக்கும்போது பார்க்க அம்சமாகத்தான் இருக்கும். அடுத்த முறை ஒன்றை இழுத்தால் நான்கும் சேர்ந்து வருகிறது. இத்தனைக்கும் நடுவில் யாரும் பெட்டியைத் திறப்பது கூட இல்லை, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்துவதோடு சரி.

இன்னொன்று, அந்த 10 மீட்டர் வயர் தனியாகக் கையில் வந்தாலும் தரையில் படுக்க மாட்டேன் என்கிறது. சுருண்டு சுருண்டு எழும்புகிறது, யார் காலில் மாட்டி விழப்போகிறார்களோ என்று பயமாக இருக்கிறது. ஓரிடத்தில் மடங்கிப் புடைத்துக்கொண்டும் இருக்கிறது. பெட்டியை மாற்றுவதா, சுற்றும் விதத்தை மாற்றுவதா, வயரையே மாற்றுவதா?

நடுப்பகல்:
தனித்தனி பையில் போடுங்கள். முடிந்தது கதை.

மேடைக்காரன்:
பையில் போட்டால் நான்கும் ஒன்றோடொன்று பின்னாது, அது உண்மைதான். ஆனால் தரையில் சுருண்டு எழும்பும் வயருக்குப் பை என்ன செய்யும்? அந்தக் கோளாறு பெட்டிக்குள் வருவதில்லை, சுற்றும்போதே கையிலிருந்து ஏறிவிடுகிறது. மைக் வயரோடும் ஸ்பீக்கர் வயரோடும் பிழைப்பு நடத்துகிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வயரை ஒரு முறை முழங்கையைச் சுற்றிக் கொண்டுவந்தால் ஒரு வளையம். அந்த வளையத்தைச் சுழற்றாமல் அப்படியே நுனியைப் பிடித்து இழுத்து நேராக்கிப் பாருங்கள், வயரில் ஒரு முழு முறுக்கு ஏறியிருக்கும். 20 சுற்று சுற்றி வைத்துவிட்டு நுனியைப் பிடித்து இழுத்தால் 20 முறுக்கு, எல்லாம் ஒரே திசையில். அந்த முறுக்கு எங்கே போகும்? வயர் தளர்ந்த இடத்திலெல்லாம் குட்டி வளையமாகக் கிளம்பும். பழைய தொலைபேசியின் ரிசீவர் வயர் தன்மேலேயே ஏறி முறுக்கிக்கொண்டு நிற்குமே, அதே சமாச்சாரம்தான். அந்தக் குட்டி வளையத்தைக் கவனிக்காமல் இழுத்தால் அது இறுகி மடிப்பாகிவிடும். உங்கள் வயரில் புடைத்திருக்கும் இடம் பெரும்பாலும் அப்படி வந்ததாகத்தான் இருக்கும். உள்ளே செம்புக் கம்பிகளும் ஏற்கனவே ஒரு பக்கமாக முறுக்கித்தான் வைக்கப்பட்டிருக்கும், அதன்மேல் நாம் வேறு முறுக்கினால் அவை வயருக்குள்ளேயே கோணிக்கொள்ளும்.

இதற்கு நாங்கள் செய்வது ஒரு வளையம் நேராக, அடுத்த வளையம் புரட்டி. இடது கையில் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு கையையும் விரித்த அகலத்துக்கு வலது கையால் வயரை இழுத்து, சாதாரணமாக ஒரு வளையம் போட்டு இடது கைக்குள் வையுங்கள். அடுத்த வளையத்துக்கு வலது கையைத் திருப்பி, கட்டைவிரல் கீழ்நோக்கி இருக்கும்படி வயரைப் பிடித்து, கையை மறுபடி நேராக்கிக்கொண்டே இடது கைக்குக் கொண்டுவாருங்கள். இப்போது மிச்ச வயர் வளையத்துக்கு வெளியே தொங்காமல், வளையத்துக்கும் அதற்கு முந்தைய வளையத்துக்கும் நடுவிலிருந்து கிளம்பும். அதுதான் சரி. அடுத்தது நேர், அதற்கடுத்தது புரட்டல். ஒன்று வலப்பக்கம் முறுக்கினால் மற்றது இடப்பக்கம் முறுக்குகிறது, கழிந்துவிடுகிறது. முதலில் கை குழம்பும். டிவி பார்த்துக்கொண்டே பழகினால் வந்துவிடும்.

முழங்கை மட்டும் வேண்டவே வேண்டாம். முறுக்கு ஒருபுறம் இருக்கட்டும், கட்டைவிரல் இடுக்கில் வயர் ஒவ்வொரு முறையும் அதே மாதிரி சுருக்கென்று மடங்குகிறது.

கிணற்றடி:
நானும் காலகாலமாக முழங்கையில்தான் சுற்றுகிறேன், எனக்கு ஒரு சிக்கலும் வந்ததில்லையே. ஆளாளுக்கு ஒன்று சொல்லிப் பயமுறுத்துகிறீர்கள்.

மேடைக்காரன்:
எப்படிச் சுற்றுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். கட்டைவிரலுக்கும் முழங்கைக்கும் நடுவில் வயர் ஒவ்வொரு முறையும் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிக்கொண்டு 8 போல விழுகிறதா? அப்படியென்றால் உங்களுக்குத் தெரியாமலே முறுக்கைக் கழித்துக்கொண்டிருக்கிறீர்கள். 8-இன் ஒரு பாதி ஒரு பக்கம் முறுக்கும், மறுபாதி எதிர்ப்பக்கம் முறுக்கும். இல்லையென்றால் அவிழ்க்கும்போது சுருளைக் கையிலேயே மாட்டிக்கொண்டு, சுற்றியதற்கு எதிராகச் சுழற்றி விடுகிறவராக இருப்பீர்கள். அப்படிச் சுழற்றி அவிழ்த்தாலும் முறுக்கு மிஞ்சாது. நுனியைப் பிடித்து இழுக்கிறவர்களுக்குத்தான் வம்பு.

கிணற்றடி:
8 போலத்தான் விழுகிறது. சரி, ஒத்துக்கொள்கிறேன்.

தூக்குக்கயிறு_இல்லை:
யாரும் தொடாமல் பெட்டிக்குள் எப்படிச் சிக்காகிறது என்ற பகுதிக்கு இன்னும் பதில் வரவில்லை. அதை ஆய்வாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் என்று இருவர். ஒரு பெட்டிக்குள் நூலைப் போட்டு, பெட்டியை உருட்டிவிட்டு, முடிச்சு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. 3,000 தடவைக்கு மேல் உருட்டியிருக்கிறார்கள். கட்டுரை 2007-இல் வந்தது, 2008-இல் அதற்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது (சிரிக்க வைத்து, பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தருவது).

நமக்கு வேண்டிய விஷயம் இவ்வளவுதான். சில நொடி உருட்டலிலேயே முடிச்சு விழுந்துவிடுகிறது. அரை மீட்டருக்கும் குறைவான நூலில் அநேகமாக முடிச்சே விழவில்லை. நீளம் கூடக் கூட வாய்ப்பு மளமளவென்று ஏறி, பிறகு பாதிக்குப் பாதி என்ற அளவில் நின்றுவிடுகிறது. சின்னப் பெட்டியில் நூல் நெருக்கமாக அடைந்து கிடந்தால் முடிச்சு குறைகிறது, விறைப்பான நூலிலும் குறைகிறது. காரணமாக அவர்கள் சொல்வது, சுருண்டு கிடக்கும் நூலின் நுனி பக்கத்துச் சுருள்களுக்கு மேலும் கீழுமாக நுழைந்து நுழைந்து வெளியே வருகிறது, அது தானாகவே பின்னலாகிவிடுகிறது என்பது.

ஆக, குற்றவாளி நுனிதான். இரண்டு நுனிகளையும் சுருளோடு சேர்த்துக் கட்டிவிட்டால் நுழைவதற்கு ஆளே இல்லை. உள்ளே செருகிவிட்டேன் என்கிறீர்களே, அது பெட்டியை இரண்டு தரம் நகர்த்தினால் நழுவி வெளியே வந்துவிடும். பெரிய பெட்டியில் அரைகுறையாக நிரப்பி வைப்பதும் நீங்களே பெட்டியை உருட்டி ஆராய்ச்சி செய்வது போலத்தான் ஆகிறது.

வெள்ளிமீன்:
ஆராய்ச்சிக்கூடமே வைத்திருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது. எதை வைத்துக் கட்டுவது? ரப்பர் பேண்டு போதுமா?

நடுப்பகல்:
ரப்பர் பேண்டு வேண்டாம். கொஞ்ச நாளில் உளுத்து, வயரின் மேலேயே பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். வெல்க்ரோ பட்டை வாங்குங்கள். அதையும் பிளக்குக்குப் பக்கத்தில் வயரிலேயே நிரந்தரமாக மாட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வயர் ஓரிடத்திலும் பட்டை ஓரிடத்திலும் கிடக்கும். வெல்க்ரோ இல்லையென்றால் ஒரு சாண் துணி நாடா, சுருக்கு முடிச்சு. பிளாஸ்டிக் டையை வயர் நசுங்கும் அளவுக்கு இழுத்துக் கட்டுகிறார்கள் சிலர், அது வேண்டாத வேலை.

வெள்ளிமீன்:
மேடைக்காரன் சொன்னபடி புரட்டிச் சுற்றிப் பார்த்தேன். சுற்றும்போது ஜோராக வந்தது. நுனியைப் பிடித்து வீசினால் வரிசையாக முடிச்சு, வயர் முழுக்க! முன்னாடியாவது சுருண்டுதான் கிடந்தது. என்னவோ தப்பாக இருக்கிறதே.

மேடைக்காரன்:
எதிர்பார்த்தேன், முதலிலேயே சொல்லியிருக்கலாம். சுற்றி முடித்த பிறகு நுனி வளையங்களின் நடு ஓட்டை வழியாக மறுபக்கம் போயிருக்கிறது. இந்த முறையில் அது ஒன்றுதான் ஆபத்து. நுனி ஒரு தரம் உள்ளே புகுந்து வந்துவிட்டால், புரட்டிப் போட்ட ஒவ்வொரு வளையமும் ஒரு முடிச்சாகும். கட்டும்போது நுனியைச் சுருளுக்கு வெளிப்பக்கமாகவே வைத்துக் கட்டுங்கள், நடுவில் செருகும் பழக்கத்தை விடுங்கள். வீசுவதற்கு முன் அடுத்த முறை ஒரு பார்வை பாருங்கள். நுனி உள்ளே போயிருந்தால் போன வழியே திருப்பி எடுத்தாலே போதும், இழுத்த பிறகுதான் தலைவலி.

புது வயர் ரீலில் வாங்கினாலும் இதே சங்கதி உண்டு. ரீலைத் தரையில் படுக்கப்போட்டு மேலே இருந்து உருவினால் ஒரு சுற்றுக்கு ஒரு முறுக்கு ஏறும். நடுவில் ஒரு கம்பியைச் செருகி ரீல் உருளும்படி வைத்து இழுத்தால் ஏறாது.

பரிசல்:
கயிற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. கயிறும் வயரும் ஒரே ஜாதி கிடையாது. அந்தத் தடித்த கயிறு எப்படி இருக்கிறது, மூன்று புரியாக முறுக்கியதா, உறை போட்டது போலப் பின்னியதா?

வெள்ளிமீன்:
தடித்தது மூன்று புரி. துணிக் கயிறு பின்னல்.

பரிசல்:
மூன்று புரிக் கயிற்றுக்கு ஒரு போக்கு உண்டு. செங்குத்தாகப் பிடித்துப் பாருங்கள், புரிகள் கீழே இடப்பக்கத்திலிருந்து மேலே வலப்பக்கமாக ஏறினால் (பெரும்பாலான கயிறு அப்படித்தான்) கடிகார முள் சுற்றும் திசையில் வளையம் போட வேண்டும். எதிர்த்திசையில் போட்டால் கயிறு முரண்டு பிடிக்கும், வளையம் தட்டையாக உட்காராமல் தானே திரும்பும். அதைக் கை உணர்ந்துகொள்ளும். ஒவ்வொரு வளையத்துக்கும் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் கயிற்றை அரைத் திருகு திருகிக் கொடுத்தால் வளையம் சமத்தாகப் படுத்துவிடும்.

பின்னல் கயிற்றுக்கு அந்தப் போக்கு எதுவும் கிடையாது. அதை ஒரே திசையில் வளையமாகச் சுற்றுவதுதான் தப்பு. 8 போட்டுச் சுற்றுங்கள், தரையிலோ கையிலோ. அதையும்விடச் சோம்பேறி வழி ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் பிடிக்கும். ஒரு சின்னப் பை எடுத்து, கயிற்றின் ஒரு நுனியைப் பையின் அடியில் கட்டிவிட்டு, மிச்சத்தைக் கைப்பிடி கைப்பிடியாக உள்ளே திணித்துக்கொண்டே போங்கள். சுற்றவே வேண்டாம், அழகாக அடுக்கவும் வேண்டாம். கடைசி நுனியைப் பையின் வாயில் கட்டிவிடுங்கள். எடுக்கும்போது அந்த நுனியைப் பிடித்து இழுத்தால் கடைசியாகப் போனது முதலில் வரும், சிக்காமல் ஓடிவரும். ஆற்றில் விழுந்தவருக்கு எறியும் மீட்புக் கயிற்றை இப்படித்தான் பையில் திணித்து வைக்கிறார்கள். சிக்கினால் உயிர் போய்விடும் என்கிற இடத்திலேயே இதை நம்புகிறார்கள். ஒரு நிபந்தனை, பையைக் கவிழ்த்துக் கொட்டக்கூடாது.

ஈரத்தோடு உள்ளே வைக்காதீர்கள். நுனி பிரிந்திருந்தால் அதுவும் பக்கத்துக் கயிற்றில் மாட்டும். நைலான் என்றால் நெருப்பில் லேசாக உருக்கிவிடலாம், பருத்தி, தேங்காய்நார் என்றால் நூலால் இறுக்கிச் சுற்றிக் கட்டுங்கள்.

கிணற்றடி:
வயரையும் இப்படிப் பையில் திணிக்கலாமா?

பரிசல்:
மெல்லிய வயருக்குச் சரிப்படலாம், தடித்த எக்ஸ்டென்ஷனுக்கு வேண்டாம். திணிக்கும்போது எங்கே மடிகிறது என்று தெரியாது.

வெள்ளிமீன்:
சரி, ஏற்கனவே முறுக்கேறிக் கிடக்கும் வயரை எப்படி நேராக்குவது? புடைத்த இடத்தை என்ன செய்வது?

மேடைக்காரன்:
முதலில் பிளக்கைக் கழற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். மாடிப்படியிலிருந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மற்ற முனையைத் தொங்கவிடுங்கள், அதுவாகச் சுழன்று முறுக்கைக் கழித்துக்கொள்ளும். மாடி இல்லையென்றால் தரையில் நீட்டி, ஒரு முனையிலிருந்து இரண்டு விரலால் வயரைத் தளர்வாகப் பிடித்து உருவிக்கொண்டே மறுமுனை வரை நடங்கள், முறுக்கு உங்களுக்கு முன்னால் ஓடி நுனி வழியாக வெளியேறும். நுனி தரையில் தாராளமாகச் சுழல வேண்டும், அவ்வளவுதான். விறைத்துப்போன வயரைக் கொஞ்ச நேரம் இளவெயிலில் போட்டுவிட்டுச் செய்தால் இன்னும் எளிது, பிவிசி உறை சூட்டில் இளகும். அப்படியே வெயிலில் மறந்துவிடாதீர்கள்.

புடைத்த இடத்தில் உறை வெடித்திருந்தாலோ, உள்ளே நிற வயர் தெரிந்தாலோ, அங்கே வளைத்தால் விளக்கு மினுக்கினாலோ, பயன்படுத்தும்போது அந்த இடம் மட்டும் சுட்டாலோ, டேப் ஒட்டிச் சமாளிக்க வேண்டாம். வெட்டிக் குட்டையாக்கிப் புது பிளக் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது தூக்கிப் போடுங்கள்.

நடுப்பகல்:
கூடவே ஒன்று. அழகாகச் சுற்றியிருக்கிறதே என்று சுருளை அவிழ்க்காமல் அப்படியே ஹீட்டரையோ அயர்ன் பாக்ஸையோ மாட்டிவிடாதீர்கள். நடுவில் உள்ள சுற்றுகளின் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும். ரீல் வகை எக்ஸ்டென்ஷனில் பார்த்தால் இரண்டு வாட் கணக்கு போட்டிருக்கும், சுற்றியபடி இருந்தால் இவ்வளவு, முழுக்க அவிழ்த்தால் இவ்வளவு என்று. முதல் எண் பெரும்பாலும் பாதிக்கும் கீழே இருக்கும்.

வெள்ளிமீன்:
வயர் தப்பித்தது, உறை வெடிக்கவில்லை. மாடியிலிருந்து தொங்கவிட்டதும் வயரின் முனையில் இருக்கும் சாக்கெட் பாக்ஸ் பம்பரமாகச் சுழன்றது. கடைசியாக ஒன்று, லேப்டாப் சார்ஜர் வயரை அதன் பாக்ஸைச் சுற்றியே சுற்றி வைக்கலாமா?

தூக்குக்கயிறு_இல்லை:
வைக்கலாம். பாக்ஸிலிருந்து வயர் வெளியே வரும் இடத்தில் மட்டும் முதலில் ஒரு தளர்ந்த வளையம் விட்டுவிட்டு, அதற்கப்புறம் சுற்ற ஆரம்பியுங்கள். அந்த மூலையில் இழுத்து மடக்கினால் முதலில் அறுவது அங்கேதான்.